சப்பாத்து வாங்கும்போது அகலத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெறுங்கால் சப்பாத்து என்று சொல்லப்படும் புதுவகைச் சப்பாத்துகளைப் பற்றிக் கொழும்பில் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். அடி மெல்லிசாக இருக்கும், குதிப்பக்கம் உயர்ந்திருக்காது, முன்பக்கம் விரல்கள் விரிந்து நிற்கிற அளவுக்கு அகலமாக இருக்கும், கையில் எடுத்துச் சுருட்டினால் சுருண்டுவிடும். நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. பல வருடங்களாகப் பாடசாலைக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் இந்த மாதிரிச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். கூடப் படிப்பிக்கும் ரீச்சர்மார், பிள்ளைகளின் அம்மாமார், மேல்மாடி அக்கா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தேன். சரி, எல்லோருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

கேட்கிறவர்களுக்கு முதலில் வருவது அடியைப் பற்றிய கேள்விதான். கல் குத்தாதா, வெயிலில் சுடாதா, முழங்கால் நோகாதா என்று. அந்தக் கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் அன்றாடம் போடுகிற ஒருவருக்கு இந்தச் சப்பாத்தால் கிடைக்கும் பெரிய நன்மை முன்பக்க அகலத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அடி மெல்லிசான சப்பாத்து எல்லோருக்கும் சரிவராது, சிலர் அதைத் தொடவே கூடாது. விரல்களை நெரிக்காத சப்பாத்து எல்லோருக்கும் வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அதை நம்மூர்க் கடைகளில் தேடி எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது.

புறக்கோட்டையோ வெள்ளவத்தையோ, எந்தச் சப்பாத்துக் கடைக்குள் போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். என்ன சைஸ்? அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. பிரித்தானிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் 39க்கும் 40க்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு, அதாவது 6.7 மில்லிமீற்றர். காலின் அகலம் இந்த எண்கள் இரண்டிலும் வராது. இங்கிலாந்தில் பிள்ளைகளின் சப்பாத்துக்கு எஃப், ஜீ, எச் என்று அகலத்துக்கும் ஓர் எழுத்துப் போட்டு விற்கும் கடைகள் உண்டு, நம்மிடம் அந்த எழுத்து வந்து சேரவில்லை. மொண்டோபொயின்ற் என்று ஒரு சர்வதேச அளவுமுறையும் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 9407 என்ற தரம். காலின் நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீற்றரிலேயே சொல்லிவிடும். பனிச்சறுக்குக்காரர்களின் சப்பாத்துக்கும் இராணுவச் சப்பாத்துக்கும் அதைப் பாவிக்கிறார்கள். காலை முதல் வகுப்பில் நிற்கிற ரீச்சருக்கும், ஆடைத் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிற பிள்ளைக்கும், கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற தம்பிக்கும் அப்படி அளந்து கொடுத்தால் என்ன?

அகலம் போதவில்லை என்று சொன்னால் கடையில் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும். "ஒரு சைஸ் கூட எடுங்க மிஸ், போடப் போட லூசாகிடும்." ஒரு சைஸ் கூட எடுத்தால் நீளம்தான் கூடுகிறது. குதிக்கால் ஒவ்வொரு அடிக்கும் கழன்று வர, அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் மடங்க, கால் முன்னுக்கு வழுக்கிப் போய்க் கூரான இடத்தில் மறுபடியும் நெரிபடுகிறது. போடப் போட லூசாகிறது என்பதும் பாதி உண்மைதான், தோல் கொஞ்சம் இளகும், அதற்குள் கால் எவ்வளவோ விட்டுக்கொடுத்துவிடும்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் ஒரு தடவை சுற்றியுள்ள கால்களைக் கவனித்துப் பாருங்கள். ஊரில் வயலிலும் வளவிலும் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்த வயசான அம்மாவின் காலில் பெருவிரல் நேராக நிற்கும், விரலுக்கும் விரலுக்கும் நடுவில் நிலம் தெரியும். பக்கத்திலேயே இருபது முப்பது வருடம் கந்தோரில் கூர்முனைச் சப்பாத்தோடு வேலை செய்து ஓய்வுபெற்ற இன்னோர் அம்மா நிற்பார். அவருடைய பெருவிரல் அடுத்த விரலின் மேல் சாய்ந்திருக்கும், அடிமூட்டு வெளியே தள்ளிச் சிவந்திருக்கும், சின்ன விரல் நாலாவது விரலுக்குக் கீழே மடங்கி, நகம் தடித்து, மேலே ஆணிக்கால் வைத்திருக்கும். பெருவிரல் அப்படிச் சாய்வதற்குப் பரம்பரையும் ஒரு காரணம் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் இடுக்கமான சப்பாத்து அதைக் கூட்டும் என்பதிலும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வேறு எந்த உறுப்பையாவது ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இப்படிக் கட்டிவைப்போமா?

கைக்குழந்தையின் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் மிக அகலமான இடம் விரல் நுனிகள்தான், விசிறி போல விரிந்திருக்கும். ஒரு காலில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். சின்ன வயசில் அந்த எலும்புகள் முழுதாக முற்றியிருக்காது, குருத்தாக இருக்கும், அதனால் நெரித்தாலும் பிள்ளைக்குப் பெரிதாக நோகாது, வந்து சொல்லாது. சப்பாத்துக் கடிக்கிறது என்று பிள்ளை அழுதால் கழற்றிப் பார்க்கிறோம். அழாத பிள்ளையின் சப்பாத்தை யார் பார்க்கிறார்கள்?

நம் பக்கத்திலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது, எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. தென்னிந்தியாவின் மணிப்பாலில் ராவ், ஜோசப் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள், 1992இல் வெளியானது. சப்பாத்தோ செருப்போ போட்டுப் பழகிய பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம் அது ஆகக் கூடுதலாக இருந்தது, செருப்புப் போட்டவர்களிடம் குறைவாக, ஒன்றுமே போடாதவர்களிடம் ஆகக் குறைவாக. உள்ளங்காலின் வளைவு உருவாகிற வயசில் காலை இறுக்கி மூடிவைப்பதை யோசித்துச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நமக்கு நெருக்கமான சான்று கிடைக்காது. வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துச் செய்ததல்ல, நம் வெயிலில் நம் மாதிரி நிலத்தில் ஓடித்திரிந்த பிள்ளைகளை வைத்துச் செய்தது.

இனி நான் தினமும் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். புது வகுப்புத் தொடங்கும்போது பிள்ளைகள் புதுச் சப்பாத்தோடு வருகிறார்கள். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்கி நுனியில் பஞ்சு வைத்து அனுப்பியிருப்பார்கள். வருடம் முடிகிறபோது பஞ்சு போய்விடும், விரல்கள் முட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த வருடம் வரைக்கும் தள்ளிவிடலாம் என்று விட்டுவிடுவார்கள். விலைவாசியை நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காலைக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளைகளில் சிலர் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நிற்பதையும், இடைவேளை மணி அடித்ததும் மேசைக்கடியில் குதிப்பக்கத்தை மிதித்துக்கொண்டு சப்பாத்தைச் செருப்பாக்கி உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையைப் பேசுவதற்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள் என்று மற்ற ரீச்சர்மாரிடமும் சொல்லி வருகிறேன்.

எப்படிப் பார்ப்பது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், பிள்ளையைப் பழைய கார்ட்போர்ட் ஒன்றில் முழுப் பாரமும் போட்டு நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போடுங்கள். பென்சிலைச் சாய்த்தால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு காலையும் வரையுங்கள், அநேகமாக எல்லோருக்கும் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. நீளமான விரலிலிருந்து 10 அல்லது 12 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளி ஒரு கோடு. வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சப்பாத்துக்குள் இருக்கும் உள் அட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உங்கள் கார்ட்போர்ட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளையையே அதன் மேல் ஏறி நிற்கச் சொல்லுங்கள். விரல்கள் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து வேண்டாம், எத்தனை சைஸ் கூட்டினாலும் வேண்டாம். அநேகமான அட்டைகளில் பெருவிரல் பக்கமும் சின்ன விரல் பக்கமும் இரண்டுமே வழியும். கடைக்காரர்கள் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அப்புறம் அவர்களே அட்டையைக் கழற்றித் தருவார்கள்.

அகலம் சரி என்றால் அடுத்தது வளைவு. சப்பாத்தைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், துணி பிழிவதற்கு முறுக்குகிற மாதிரி முறுக்கினாலும் கொடுக்க வேண்டும். அப்புறம் குதியின் உயரம். சாதாரண ஓட்டச் சப்பாத்துகளிலேயே குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீற்றர் வரை உயர்ந்திருக்கும், போடுகிறவருக்குத் தெரிவதே இல்லை. வெறுங்கால் சப்பாத்தில் இரண்டும் ஒரே மட்டம். கடைசியாகத்தான் அடியின் தடிப்பு. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இந்த ஒழுங்கிலேயே பாருங்கள், அகலமும் வளைவும் சரியாக இருந்து அடி கொஞ்சம் தடிப்பாக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

மெல்லிய அடியைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்லைனில் விற்கிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். நல்ல பக்கம் இது. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ந்தவர்களை ஆறு மாதம் அன்றாட வேலைகளுக்கு இப்படிப்பட்ட சப்பாத்தைப் போட வைத்துப் பார்த்ததில் விரல்களின் பலம் சராசரியாக 57 சதவீதம் கூடியது, 2021இல் வெளியிட்டார்கள். ஓடக்கூட இல்லை, நடந்ததுதான். தடித்த ஸ்பொஞ் அடியில் தூங்கிக்கிடந்த தசைகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. நிலம் எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரிகிறது, காலி வீதி நடைபாதையில் ஒரு சிலாபு ஆடினால் பாரத்தை வைப்பதற்கு முன்னாலேயே கால் அதை உணர்ந்து விலகுகிறது. வயசு போனவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மற்றப் பக்கம். அமெரிக்காவில் 36 ஓட்டக்காரர்களை வைத்து 10 வாரம் செய்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. விரல் விரலாகப் பிரிந்த, மெல்லிய அடியுள்ள சப்பாத்துக்கு மாறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாத எலும்புகளுக்குள் வீக்கம் தொடங்கியிருந்தது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. படிப்படியாகத்தான் மாறினார்கள், அப்படியும் காலுக்கு அது போதவில்லை. அந்த மாதிரிச் சப்பாத்தை விற்ற வைப்ரம் கொம்பனி, தசையைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2014இல் 37.5 இலட்சம் டொலருக்குச் சமரசம் செய்து முடித்தது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே முழங்கால் நோ மாறும், முதுகு நோ மாறும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் உரோமில் வெறுங்காலோடு ஓடி மரதன் தங்கம் வென்றதை இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது எடுத்துவிடுவார்கள். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, உண்மைதான், பெருமையான விஷயம்தான். அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி, அதைவிட மூன்று நிமிடம் குறைவாக மறுபடியும் தங்கம் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குச் சின்ன வயசிலிருந்து வேலை செய்து பழகிய கால்கள் இருந்தன. நாமோ மாபிள் தரையிலிருந்து லிஃப்டுக்கும் லிஃப்டிலிருந்து முச்சக்கர வண்டிக்கும் போகிறவர்கள், எங்கள் கால்களுக்கு அவகாசம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே மாறுகிறவர்கள் மெதுவாக மாறுங்கள். முதலில் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து பழகுங்கள். அப்புறம் சந்தைக்குப் போய்வரும் தூரத்துக்கு மட்டும் புதுச் சப்பாத்து, மற்ற நேரமெல்லாம் பழையது. சில கிழமைகள் அப்படிப் போகட்டும், அவசரமே வேண்டாம். இத்தனை வருடம் உயர்ந்த குதியில் இருந்த கால் தட்டையாக வரும்போது கெண்டைக்காலும் குதிநாணும் இழுபடும், இரண்டு நாளில் குறைகிற அந்த நோவு சாதாரணம். புறங்காலில் ஓரிடத்தை விரலால் அழுத்தும்போது சுருக்கென்று நோகிறது என்றால், அல்லது காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிக்கால் குத்துகிறது என்றால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள். நடையும் மாறும், கால்களை எட்டி எட்டி வைத்துக் குதியை ஓங்கி அடிக்கிற பழக்கம் தானாகக் குறைந்து அடிகள் சின்னதாகும். அதை வேண்டுமென்றே செய்யப் போய் நுனிக்காலில் நடக்காதீர்கள், நடக்கும்போது குதி முதலில் படுவதுதான் இயல்பு.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை, இதைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடே அபூர்வம். நாட்பட்ட சீனி வருத்தத்தில் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன, மெல்லிய அடியின் ஊடாகக் கண்ணாடித் துண்டோ ஆணியோ ஏறினால்கூடத் தெரியாது, சூடான தாரில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, தெரிய வரும்போது புண் ஆழமாகியிருக்கும். கிளினிக்கில் மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார்கள், 10 கிராம் பாரத்தில் வளைகிற நூல் அது. அந்தத் தொடுகை தெரியாதவர்கள் மெல்லிய அடிச் சப்பாத்தை நினைக்கவே கூடாது, வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பதும் கூடாது. அவர்களுக்கு வேண்டியது தடித்த அடியும் அகலமான முன்பக்கமும். விரல் நெரிபட்டுப் புண் வராமல் பார்ப்பது அவர்களுக்கு நம் எல்லோரையும்விட முக்கியம், நோவு வந்து எச்சரிக்காது அல்லவா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெறுங்காலே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. மலையகத்தில் நம் மக்கள் தோட்டங்களில் வெறுங்காலோடு வேலை செய்து கொழுக்கிப்புழுவால் இரத்தம் குன்றி வாடிய வரலாறு நமக்கு உண்டு. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தின் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து வேலை தொடங்கியதே அந்தப் புழுவை ஒழிக்கத்தான். மண்ணிலிருந்து கால்தோல் வழியாக உடலுக்குள் ஏறுகிற புழு அது. கொழும்பில் இன்றைக்கும் மழை பெய்து வாய்க்கால் நிரம்பி வீதிக்கு வந்தால் எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. மெல்லிய வலைத்துணிச் சப்பாத்து அந்தத் தண்ணீரைத் தடுக்காது, காலில் கீறல் இருக்கும்போது அதோடு வெள்ளத்தில் இறங்காதீர்கள்.

கொழும்பில் போடுவதற்கென்று சில விஷயங்கள் அனுபவத்தில் தெரிந்தவை. மத்தியானத்தில் காலிமுகத்திடல் பக்கம் நடந்தால் சூடு அடியில் ஏறும், 3 மில்லிமீற்றர் அடியைவிட 5, 6 மில்லிமீற்றர் நம் வெயிலுக்கு ஏற்றது. அடியில் கோடுகள் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள், மழை நாளில் பஸ் மிதிபலகையிலும் ரயில் நிலையப் படியிலும் வழவழப்பான அடி ஆளை விழுத்திவிடும். தோலில் செய்தது பார்க்க அழகுதான், நம் ஈரப்பதனில் அலுமாரியில் சும்மா வைத்தாலே பூஞ்சணம் பிடிக்கும். துணிச் சப்பாத்தென்றால் உள் அட்டையைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தலாம், இரண்டு சோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம், மணமும் வராது.

சாறி கட்டுகிற ரீச்சர்மாருக்கு ஒன்று. குதி வைத்த சப்பாத்தின் உயரத்துக்குக் கட்டிப் பழகியவர்கள் தட்டைச் சப்பாத்துக்கு மாறும்போது சாறியைக் கொஞ்சம் தூக்கிக் கட்ட வேண்டும், கொசுவம் செருகும் முன்னால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், இல்லாவிட்டால் கரை நிலத்தில் இழுபட்டு நனையும். அகலமான முன்பக்கம் சாறிக்கு அழகில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. கறுப்பு நிறத்தில், மேலே தையல் இல்லாமல் எடுத்தால் யாரும் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும் பரவாயில்லை, கடைசிப் பாடம் முடிந்து வீட்டுக்கு நடந்து போக முடிகிறதே.

விலைதான் பெரிய தடை. வெளிநாட்டுப் பெயர்போன சோடி ஒன்று, விவோபேர்ஃபூட் மாதிரியானது, நூறு பிரித்தானியப் பவுண் அளவில் நிற்கிறது, அதோடு அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்தால் ஒரு சாதாரணச் சம்பளக்காரர் நினைத்தும் பார்க்க முடியாது. அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பவும் வழி இல்லை. மலிவாக ஒன்லைனில் வருபவை சில நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வாங்குவதற்கு முன் சைஸ் எண்ணை நம்பாமல் உள் அட்டையின் நீளம், அகலம் மில்லிமீற்றரில் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி நம் வீதியோரத்திலேயே இருக்கிறது. சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் நான் செருப்புச் செய்வித்தேன். என் காலை அட்டையில் வைத்து வரைந்து, அந்தக் கோட்டை ஒரு பக்கத்திலும் கூராக்காமல் அப்படியே ரப்பர் ஷீற்றில் வெட்டி, மேலே மெல்லிய தோல் ஒட்டி, முன்னுக்கு இரண்டு வாரும் குதியைச் சுற்றி ஒரு வாரும் வைத்துத் தைத்துத் தந்தார். அந்தக் குதிவார் முக்கியம். பாட்டா செருப்பும் அகலம்தான், தட்டைதான், ஆனால் பின்னால் பிடிப்பு இல்லாததால் அது கழன்று போகாமல் விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. குதிவார் இருந்தால் விரல்கள் சும்மா விரிந்து கிடக்கும். வெளிநாட்டுச் சோடியின் விலையில் சிறு பங்குதான் முடிந்தது. வெட்டும்போது, "இப்பிடி அகலமா வெட்டினா வடிவில்லை எண்டு ஆக்கள் எடுக்க மாட்டினம் அம்மா, ஆனா கால் இதுதான்" என்று சொன்னார்.

1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் ரப்பர் கன்று நட்ட காலத்திலிருந்து ரப்பர் விளைகிற நாடு இது. செருப்பும் சப்பாத்தும் செய்கிற தொழிற்சாலைகள் நம்மிடம் இருக்கின்றன, கைத்திறன் இருக்கிறது. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்தின் அச்சை முன்பக்கத்தில் அகலமாக்கி, ஒவ்வொரு சைஸிலும் இரண்டு அகலம் வைத்து, பெட்டியில் உள்ளளவை மில்லிமீற்றரில் அச்சடித்தால் போதும். இதற்குக் கேட்கிறவர்கள் இல்லை என்று அவர்கள் நினைக்கலாம், அதனால்தான் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அகலத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன். கல்வி அமைச்சு வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் கொடுக்கிறது, நல்ல விஷயம். அந்த வவுச்சருக்கு விற்கும் சப்பாத்துகளுக்கு அகலத்தையும் ஒரு நிபந்தனையாக வைத்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கால்கள் தப்பும், தொழிற்சாலைகளும் அச்சை மாற்றும். பாடசாலை அதிபர்மாரும் நிறம் சரியாக இருந்தால் வடிவம் பற்றிக் கேள்வி கேட்காமல் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் ஆசிரியர் அவர்களே. காலைப் பராமரிக்கும் ஒரு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டு, பிள்ளைகளின் காலை வீட்டில் அளப்பது எப்படி என்று படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள். பாடசாலைச் சப்பாத்து வாங்கும் காலத்துக்கு முந்திய ஞாயிறு இதழில் வந்தால் அதை வெட்டி எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6